பரமபதமும் ஒரு கம்ப்யூட்டர் ஆட்டமும்

ஒரு படைப்பை நம் வட்டாரத்தில் ஒழித்துக்கட்ட அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. ‘நீதி போதனை’ என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். சிறுபத்திரிகை விமர்சனம் தொடங்கிய நாளிலிருந்து இந்த இரண்டு வார்த்தையும் நமக்குக் கைவாளாக இருந்துவந்திருக்கிறது. நானும் வீசியிருக்கிறேன். சில சமயம் வெட்டுப்பட வேண்டியவர்களை வெட்டியிருக்கிறேன் என்ற திருப்தியும் உண்டு. உருவத்தில் கரையாமல் துருத்திக்கொண்டு நிற்கிற அறம் கலையாகாது என்பதில் எனக்கு இன்றும் மறுப்பில்லை. ஆனால் அறமே உருவமாக அமைந்துவிட்ட, அறத்தைக் கழித்துவிட்டால் கையில் மிச்சமே நிற்காத ஒரு படைப்பு எதிரே வரும்போது கைவாளை எங்கே வைப்பது? இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பியது நாவலோ கவிதையோ இல்லை. 1985இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு கம்ப்யூட்டர் ஆட்டம். பெயர் ‘அல்டிமா 4’. துணைத்தலைப்பைத் தமிழில் சொன்னால், அவதாரத் தேடல்.

சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வரலாம். நான் காத்திருக்கிறேன்.

இவ்வகை ஆட்டத்தை ஆங்கிலத்தில் ‘ரோல் பிளேயிங் கேம்’ என்கிறார்கள். இதற்குத் தமிழில் சொல் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள அவசியம் இருப்பதாகத் தெரியவில்லை. பழைய தென்னார்க்காட்டுக்காரன் நான். எங்கள் பக்கம் கூத்தில் ஆடுவதை ‘வேஷம் கட்டுவது’ என்பார்கள். துரியோதன வேஷம் கட்டுகிறவனுக்கு அந்த ராத்திரி முழுக்க துரியோதனனுக்கு நேர்வதெல்லாம் நேரும். விடியற்காலையில் தொடையும் பிளக்கும். தாயத்தில் இருப்பது காய். வெட்டுப்பட்டால் காய்தான் வெட்டுப்படும், நாம் பீடி பற்றவைத்துக்கொண்டு அடுத்த காயை எடுக்கலாம். வேஷம் அப்படி இல்லை. ஆகவே இக்கட்டுரையில் வேஷ ஆட்டம் என்றே எழுதுகிறேன்.

என் ஊர் லால்பேட்டை. ‘பொன்னியின் செல்வ’னின் முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் குதிரையில் போகிறானே, அந்த வீராணம் ஏரிக்கரை ஊர். குதிரை போன திசையைக் காட்டிலும் ஆட்கள் விமானம் ஏறிப்போன திசைகளே எங்களுக்கு முக்கியம். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ ஆள் இல்லாத தெரு எங்கள் ஊரில் கிடையாது. 2001இல், எனக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது, குவைத்திலிருந்து திரும்பிய தூரத்து மாமா ஒருவர் தைலப் புட்டிகளோடும் பேரீச்சம்பழத்தோடும் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். எங்கோ ஆபீசில் கழித்துப்போட்டது. அதனோடு ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஃப்ளாப்பி. அதில் ஒன்றில் இந்த ஆட்டம் இருந்தது. அசலாக விற்கப்பட்ட பெட்டிக்குள் துணியில் அச்சிட்ட தேசப்படமும் இரண்டு சிறு புத்தகங்களும் உலோகத்தில் வார்த்த ஓர் எகிப்தியச் சின்னமும் இருந்தன என்பதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டவை. எங்களிடம் வந்து சேர்ந்தது வெறும் ஃப்ளாப்பிதான். படத்தைக் கணக்கு நோட்டில் கட்டம் கட்டமாக நாங்களே வரைந்தோம். வழியில் எதிர்ப்படுகிறவர்களிடம் பெயர் என்ன, தொழில் என்ன என்று ஒவ்வொரு வார்த்தையாகத் தட்டச்சு செய்து கேட்க வேண்டும். அவர்கள் பழைய ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். ‘தௌ’, ‘தீ’ என்ற சொற்களைப் பிற்பாடு பி.ஏ. வகுப்பில் ஷேக்ஸ்பியரிடம் சந்தித்தபோது எனக்கு அவை ஊர்க்காரர்கள் மாதிரி இருந்தன.

எங்கள் வீட்டில் பகடைக்கு இடமில்லை. நர்து என்னும் பகடையாட்டத்தை ஹதீஸ் கடுமையாகக் கடிந்துரைக்கிறது; தாயக்கட்டையும் சோழியும் அத்தாவின் கணக்கில் அதே வரிசையில் வைக்கப்பட்டிருந்தன. கம்ப்யூட்டருக்கு உள்ளேயும் கண்ணுக்குத் தெரியாத பகடை உருண்டுகொண்டிருக்கிறது என்பது அத்தாவுக்குத் தெரியாது. அப்போது எனக்கும் தெரியாது.

தெரிந்த பகடையை நான் பார்த்தது பக்கத்து ஊரான காட்டுமன்னார்கோயிலில். வைகுண்ட ஏகாதசி இரவு, பள்ளித் தோழன் வீட்டுக் கூடம், பாய் மேல் விரித்த பரமபதப் படம். வெற்றுக் கண்விழிப்பு தாங்காது என்பதால் விடியும்வரை ஆடுவது வழக்கம். நான் உருட்டவில்லை, ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். மூன்று மணிவாக்கில் தோழனின் பாட்டி உச்சிக்குச் சில கட்டங்கள் கீழே பெரிய பாம்பின் வாயில் விழுந்து நேராக அடிவரிசைக்கு வந்துவிட்டாள். ‘இன்னும் பாக்கி இருக்கு போல’ என்று சொல்லி, சோழியை அடுத்தவரிடம் தள்ளினாள். விளையாட்டில் தோற்றவள் அப்படிப் பேசமாட்டாள். கணக்கு முடியவில்லை என்று யாரோ நிதானமாக எடுத்துச் சொன்னதைக் கேட்டுக்கொண்ட தோரணை அது. அந்த முகம் எனக்குள் தங்கிவிட்டது. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற இந்தப் பதினோரு வருஷத்தில் பாக்கி என்ற சொல்லைத் தினசரி கேட்கிறேன். அந்தத் தொனியில் கேட்டதில்லை.

காட்டுமன்னார்கோயில் என்பதும் தற்செயல்தான் என்றாலும் பொருத்தமான தற்செயல். நாலாயிரப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்தவரென்று வைணவ மரபு கொண்டாடுகிற நாதமுனிகள் பிறந்த ஊர். அவர் பேரர் ஆளவந்தாரும் அங்கேதான். பரமபதம் என்ற சொல்லே அந்த மரபுக்காரர்களின் சொல். சோபானம் என்றால் படிக்கட்டு. தமிழ்நாட்டில் பரவலாக விற்கிற பரமபத சோபானத் தாளில் 132 கட்டங்கள். கீழே இழிபிறவிகள், மேலே வைகுண்டம், நடுவில் அசுரர்களின் பெயர் தாங்கிய பாம்புகளும் நற்குணங்களின் பெயர் தாங்கிய ஏணிகளும். வடக்கே இதன் உறவினத்துக்கு ஞான சௌபட் என்று பெயர். 13ஆம் நூற்றாண்டு மராட்டிய ஞானி ஞானேசுவரர் செய்தது என்று சொல்வது மரபு. எஞ்சிக் கிடைக்கிற பழைய பலகைகள் 18ஆம் நூற்றாண்டுக்குரியவை. சமணர்கள் 84 கட்டம் வைத்தார்கள், வைணவர்களின் ஒரு வகையில் 72. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் மியூசியத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ டாப்ஸ்ஃபீல்ட் இப்பலகைகளைத் தேடித் தொகுத்து ஆராய்ந்து முதல் கட்டுரையை வெளியிட்டது 1985இல். அல்டிமா 4 வெளிவந்ததும் அதே ஆண்டு. ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அத்தாவிடம் சொல்ல எனக்குத் துணிவு வராத செய்தி ஒன்று உண்டு. இஸ்லாமியப் பலகையும் இருந்திருக்கிறது. நூறு கட்டங்கள், சூஃபி வழியில் ஆன்மா கடக்க வேண்டிய நிலைகளே அங்கே கட்டங்கள், உச்சியில் இறைச்சந்நிதி. ‘ஞானிகளின் சதுரங்கம்’ என்று அரபியில் இதற்குப் பெயர். டமாஸ்கஸில் வாழ்ந்த ஒரு ஷெய்கு இதற்கு விளக்கவுரையே எழுதியிருக்கிறார். பகடையை வெறுத்த மரபுக்குள்ளும் இது நுழைந்திருக்கிறது என்றால், இந்த உருவத்துக்குள் ஏதோ ஒரு வலு இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த வலு எதில் இருக்கிறது என்பதை ஆங்கிலேயர்கள் தம்மை அறியாமலே நிரூபித்துக் காட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இது லண்டனுக்குப் போயிற்று. எஃப்.எச். அயர்ஸ் என்பவர் 1892இல் காப்புரிமை பெற்றார் என்பார்கள். தொடக்கத்தில் அங்கேயும் கட்டங்களில் குணங்கள் இருந்தன: சிக்கனத்திலிருந்து ஏணி, கீழ்ப்படியாமையிலிருந்து பாம்பு. விக்டோரிய அப்பாக்களின் கனவுதான் அது. மோட்சம் போய் வெற்றியும் செல்வமும் உச்சியில் ஏறிக்கொண்டன. நம் பலகையில் பாம்புகள் அதிகம், ஏணிகள் குறைவு. அவர்கள் இரண்டையும் சரிக்குச் சரி ஆக்கினார்கள், குழந்தைகள் மனம் உடைந்துவிடக்கூடாதே! அப்புறம் குணங்களின் பெயர்களும் உதிர்ந்தன. எண்கள் மட்டும் நின்றன. அமெரிக்காவில் 1943இல் மில்டன் பிராட்லி கம்பெனி பாம்பையே எடுத்துவிட்டுச் சறுக்குமரம் வைத்தது. அதே தோலுரிந்த ஆட்டம்தான் திரும்பி வந்து, பின்பக்கம் லூடோவோடு நம் கடைகளில் தொங்குகிறது. ஆறு வயதுக்கு மேல் யாரும் அதைத் தொடுவதில்லை. விதிகளில் மாற்றமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதே பகடை, அதே ஏற்றம், அதே சறுக்கல். பெயர் மட்டுமே போயிற்று. காட்டுமன்னார்கோயில் பாட்டியை அந்தப் பலகையின் முன் உட்கார்த்தி வைத்தால் பத்து நிமிஷத்தில் தூங்கிப்போவாள்.

இனி மறுபக்கம். வேஷ ஆட்டம் மேஜையில் பிறந்தது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளியிட்டார்கள். ஒருவர் கதை சொல்லி, மற்றவர்கள் வேஷக்காரர்கள், நடுவில் பகடை. சில வருஷங்களில் கதைசொல்லியின் நாற்காலியில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. உட்கார வைத்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் கேரியட். 1961இல் இங்கிலாந்தில் பிறந்து டெக்ஸஸில் வளர்ந்தவர். ‘லார்ட் பிரிட்டிஷ்’ என்ற வேஷப்பெயர் அப்படி வந்தது. அப்பா விண்வெளி வீரர். பையன் பள்ளி நாட்களிலேயே ஆட்டம் எழுதத் தொடங்கி, முதல் அல்டிமாவை 1981இல் வெளியிட்டுவிட்டான். முதல் மூன்று ஆட்டங்களும் எல்லோரும் எழுதியவைதான். ஒரு தீயசக்தி, அதைக் கொல்ல ஒரு வீரன். இடைப்பட்ட வழியில் வீரன் என்ன செய்தாலும் கேள்வி இல்லை. கடையில் திருடலாம், ஊர்க்காரர்களை வெட்டிக் காசு எடுக்கலாம். சீக்கிரம் பலம்பெற அதுவே நல்ல வழியுங்கூட. கடைசியில் தீயவனைக் கொன்றால் உலகம் வாழ்த்தும். நம் சினிமாக் கதாநாயகனுக்கும் இவனுக்கும் கிராப்பில்கூட வித்தியாசம் இல்லை.

1983இல் கேரியட் குடும்பம் ஆரிஜின் என்ற சொந்த நிறுவனம் தொடங்கி மூன்றாவது அல்டிமாவை வெளியிட்டது. ஆடுகிறவர்களின் கடிதங்கள் முதன்முறையாக அவர் கைக்கு நேராக வந்தன. வீரர்கள் என்னென்ன அக்கிரமம் செய்து வெற்றி பெற்றார்கள் என்று அவர்களே பெருமையாக எழுதினார்கள். பெட்டி மேல் பிசாசுப் படம் போட்டதற்குச் சாத்தானை வழிபடுகிறவன் என்று திட்டி எழுதினவர்களும் உண்டு. இந்த இரண்டுவகைக் கடிதங்களுக்கும் அவர் எழுதிய பதில் என்று அல்டிமா 4ஐச் சொல்லலாம். அவதாரம் என்ற சொல்லை இந்து மரபிலிருந்து எடுத்துக்கொண்டார். திரையில் நமக்குப் பதிலாக நிற்கிற உருவத்துக்கு இன்று உலகம் முழுக்க அந்தச் சொல் வழங்குவதில் அவருக்கும் பங்குண்டு. இரவல் போன சொல் கொஞ்சம் இளைத்துத்தான் திரும்பியிருக்கிறது.

ஆட்டத்தில் கொல்ல வேண்டிய வில்லன் கிடையாது. எட்டுக் குணங்கள் உண்டு: நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு. எட்டிலும் முழுமை பெற்று அவதாரமாவதே ஆட்டம். ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு கோயில், ஒரு மந்திரம். ஆன்மிகத்துக்குரிய மந்திரம் ‘ஓம்’. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

தொடக்கமே விசேஷம். வேஷ ஆட்டங்களில் வழக்கமாகப் பகடை உருட்டியோ பட்டியலில் தேர்ந்தோ வேஷம் அமையும். இங்கே ஒரு சந்தை, ஒரு கூடாரம், உள்ளே குறி சொல்லும் நாடோடிப் பெண். சீட்டு இரண்டிரண்டாகப் போட்டு ஏழு கேள்விகள் கேட்பாள். ஒவ்வொரு கேள்வியிலும் இரண்டு நற்குணங்கள் ஒன்றோடொன்று மோதும். உதாரணமாக, எண்ணப்படாத பொற்காசுப் பையொன்றை ஓரிடத்தில் சேர்க்கச் சொல்லி உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள். வழியில் ஒரு பிச்சைக்காரன். ஒரு காசு குறைந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கொடுப்பாயா, மாட்டாயா? பன்னிரண்டு வயதில் இந்தக் கேள்வியை நான் இரண்டு நிமிஷத்தில் தாண்டிவிட்டேன். பிற்பாடு, எண்ணப்பட்ட பைகளை எண்ணுவதே பிழைப்பான பிறகு, அதன் சூட்சுமம் புரிந்தது. நன்மைக்கும் தீமைக்கும் நடுவே நிறுத்தினால் எவனும் நல்லவன். இரண்டு நன்மைகளுக்கு நடுவே நிறுத்தும்போதுதான் மனிதன் தன் முகத்தைக் காட்டுகிறான். ஷேக்ஸ்பியரின் ‘மெஷர் ஃபார் மெஷர்’ இந்த இடுக்கில்தான் நடக்கிறது. ஏழு பதில்களையும் வடிகட்டி, உனக்கு எந்தக் குணம் பெரிது என்று அவள் கண்டுகொண்டு அதற்குரிய வேஷத்தைத் தருகிறாள். நேர்மை என்றால் மந்திரவாதி, வீரம் என்றால் போராளி. பணிவு என்றால் இடையன். ஆட்டத்திலேயே மிக பலவீனமான வேஷம் அது.

அப்புறம் ஆட்டம் நம்மைக் கவனிக்க ஆரம்பிக்கிறது. கவனிக்கிறது என்று சொல்லாது. ஒவ்வொரு குணத்துக்கும் உள்ளே ஓர் எண் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. திரையில் எங்கேயும் வராது. பிச்சையிட்டால் ஏறும். தீய மிருகத்தைக் கண்டு ஓடினால் வீரம் இறங்கும். நமக்குக் கெடுதல் செய்யாத மிருகத்தை ஓடவிட்டால் இரக்கம் ஏறும். வைத்தியசாலையில் ரத்தம் கொடுத்தால் தியாகம். பேச்சுக்கு நடுவில் எவராவது, நீதான் எல்லோரிலும் சிறந்தவனோ என்று கேட்பார். ஆமாம் என்றால் பணிவு போயிற்று. பேரேட்டை அவர்கள் வைத்துக்கொள்கிறார்கள், பாஸ்புக்கை நமக்குத் தருவதில்லை. அரண்மனையில் ஹாக்விண்ட் என்றொரு ஞானக்கண்ணர் உண்டு. அவரிடம் போய்க் கேட்டால் நம் நிலைமையைப் பூடகமாகச் சொல்வார். தொகை சொல்லமாட்டார்.

மருந்து மூலிகை விற்கிற வியாபாரிகள் சிலர் கண் தெரியாதவர்கள். விலையைச் சொல்லிவிட்டு நாம் எவ்வளவு தருகிறோம் என்று கேட்பார்கள். நாம் ஓர் எண்ணைத் தட்ட வேண்டும். எந்த எண்ணைத் தட்டினாலும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லி அனுப்புவார்கள். முதல் முறை நான் தவறுதலாகத்தான் ஒரு காசு தட்டினேன். எதுவும் நடக்கவில்லை. பிறகு தெரிந்தே தட்டினேன். எனக்கு அது கண்டுபிடிப்பு, சாமர்த்தியம். தெருப் பையன்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஐந்தாறு வாரம் மூலிகை மூட்டையோடு ராஜாவாகத் திரிந்துவிட்டு ஹாக்விண்டிடம் போய் நேர்மையைப் பற்றிக் கேட்டேன். நீ திருடன் என்றார்.

அந்த மத்தியானம் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே அரபிக் கல்லூரி மாணவர்கள் லுஹர் தொழுகை முடிந்து போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. தட்டின உடனே ஒரு மணி அடித்து ‘தவறு’ என்று திரை சொல்லியிருந்தால் அதை ஆட்ட விதி என்று எடுத்துக்கொண்டு போயிருப்பேன். வாரக்கணக்கில் விட்டுப் பிடித்ததால் அது என் நடத்தையாகிவிட்டது. எந்த நீதி நூலும், நான் பாராயணம் செய்த எந்தச் செய்யுளும் எனக்கு இதைச் செய்ததில்லை. இன்றும் பென்ஷன் எடுக்க வருகிற சில பெண்கள் கைநாட்டு வைத்துவிட்டு, நான் தள்ளுகிற ரூபாயை எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்துவிடுகிறார்கள். எண்ணிப் பாருங்கம்மா என்றால், நீ எண்ணிட்டேல்ல தம்பி என்கிறார்கள். அப்போதெல்லாம் அந்த மூலிகை வியாபாரி கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. வட்டிக் கடையில் வேலை பார்ப்பவன் என்று ஊர்ப் பெரியவர்கள் என்னைப் பற்றி முணுமுணுப்பது வேறு கணக்கு. அதை இங்கே எடுக்கவில்லை.

இந்த ஆட்டம் ஏன் இன்னும் சாகவில்லை என்பதற்கு எல்லோரும் தருகிற விடை, பழைய நினைப்பு. 1996இல் ‘கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்ட்’ பத்திரிகை அதுவரை வந்த ஆட்டங்களில் இதற்கு இரண்டாம் இடம் கொடுத்தது. பிற்பாடு உரிமைக்காரர்கள் இலவசமாகவே கிடைக்கும்படி விட்டார்கள். ரசிகர்கள் புதிய யந்திரங்களில் ஓடும்படி திரும்ப எழுதிவைத்தார்கள். சின்ன வயது ஞாபகம்தான் காரணமென்றால் அந்த பிஸ்கட் டப்பாவில் இருந்த மற்ற ஆட்டங்களும் என்னை இழுக்க வேண்டும். அவற்றை இன்று பத்து நிமிஷம் ஆட முடியவில்லை. படங்களின் அழகு என்பதும் கிடையாது. சதுரம் சதுரமாக நகர்கிற பொம்மைகள், புள்ளிப் புள்ளியாகக் கடல். கதை என்று ஒன்று இருப்பதாகவே சொல்ல முடியாது.

நாம் அறிந்த உருவகக் காவியங்களோடு வைத்துப் பார்த்தால் விஷயம் சற்றுத் தெளிகிறது. ஸ்பென்சரின் ‘ஃபேரி குவீ’னில் புத்தகத்துக்கு ஒரு குணம், குணத்துக்கு ஒரு வீரன். பன்யனின் மோட்ச யாத்திரிகன் 1678இல் புறப்பட்டு, எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை கையில் ‘இரட்சணிய யாத்திரிக’மாகத் தமிழுக்கும் வந்தான். இவற்றில் எல்லாம் யாத்திரை போகிறவன் வேறொருவன். அவன் சேற்றில் விழும்போது வாசகன் கரையில் நிற்கிறான். இரக்கப்படலாம், இலக்கிய நயம் பாராட்டலாம், புத்தகத்தை மூடிவிட்டுக் காபி குடிக்கலாம். நாம் நீதி போதனை என்று ஏளனம் செய்வது இந்தக் கரையைத்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. சேறு படாமல் சொல்லப்படுவதும் சேறு படாமல் கேட்கப்படுவதும். பரமபதம் வாசகனைக் கரையிலிருந்து இறக்கிவிட்டது. விழுகிறவள் பாட்டியே. ஆனால் விழுவதற்கு அவள் எதுவும் செய்யவில்லை, சோழி செய்தது. அல்டிமா 4இல் விழுகிறவனும் நான், தட்டின விரலும் என்னுடையது.

இதை வைணவர்களே வெகுகாலம் முன்பு வேறு பாஷையில் வாதித்துவிட்டார்கள். குட்டிக் குரங்கு தாயை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது வடகலை நியாயம். பூனைக்குட்டிக்கு அந்தச் சிரமமில்லை, தாய் கவ்விக்கொண்டு போகும் என்பது தென்கலை. பரமபதம் பூனைக்குட்டியின் ஆட்டம். உன் முயற்சிக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. கவ்வினால் ஏற்றம், விட்டால் இறக்கம். அல்டிமா குரங்குக்குட்டியின் ஆட்டம். பிடி நழுவினால் தாய் பொறுப்பில்லை. ஒரு குணத்தில் முழுமை பெற்றபின்கூடத் தவறு செய்தால், எட்டில் ஒரு பாகத்தை இழந்தாய் என்று திரை சொல்லும். கிடைத்த பிறகும் போகும் என்பதுதான் இரண்டு ஆட்டத்துக்கும் பொதுவான உயிர்நாடி. உச்சிக்கு அருகில் படுத்திருக்கிற அந்தப் பெரிய பாம்பு டெக்ஸஸ் வரை போயிருக்கிறது.

குரங்கு ஆட்டத்துக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு, அதை மூடிமறைத்து எழுதினால் விமர்சனம் ஆகாது. பிச்சைக்காரனுக்கு ஒரு காசு போட்டாலும் நூறு காசு போட்டாலும் இரக்கம் ஏறுகிற அளவு ஒன்றுதான் என்று கண்டுபிடித்தவர்கள் ஒவ்வொரு காசாக, ஒரே பிச்சைக்காரனுக்கு, நின்ற இடத்தில் நின்று போட்டுத் தள்ளினார்கள். ஆட்டத்தின் நிரலைப் பிரித்து உள்ளே இருந்த எண்களையெல்லாம் பட்டியல் போட்டார்கள். எந்தக் காரியத்துக்கு எத்தனை புள்ளி என்று இன்று எவரும் பார்த்துக்கொள்ளலாம். யந்திரம் தர்மத்தை எண்ணுகிறது என்று தெரிந்த மறுகணம் எண்ணிக்கைக்காகத் தர்மம் செய்கிறவன் பிறந்துவிடுகிறான். பரமபதத்தில் இப்படி ஏமாற்ற வழியே இல்லை. அங்கே ஏமாற்ற வேண்டுமானால் சோழியை ஏமாற்ற வேண்டும். எந்தக் கையேடும் பட்டியலும் இல்லாமல் வெறும் ஃப்ளாப்பியோடு அந்த ஆட்டத்தைச் சந்தித்தது எனக்கு வாய்த்த பாக்கியம் என்றே நினைக்கிறேன். பட்டியலோடு சந்திக்கிறவன் காது சூடாக வாய்ப்பில்லை.

கேரியட்டுக்கும் இந்த ஓட்டை தெரிந்திருந்தது என்பதற்கு அடுத்த இரண்டு ஆட்டங்கள் சாட்சி. இது பலர் பேசாத பகுதி. 1988இல் வந்த அல்டிமா 5இல், அரசனில்லாத நாட்டைப் பிளாக்தார்ன் என்பவன் ஆள்கிறான். எட்டுக் குணங்களையும் அவன் சட்டமாக்கிவிடுகிறான். பொய் சொன்னால் நாக்கு போகும். வருமானத்தில் பாதியைத் தானம் கொடுக்காதவனுக்கு வருமானமே இருக்காது. தான் உண்டாக்கிய அறத்தைத் தானே கொடுங்கோலனிடம் கொடுத்துப் பார்க்கிற நெஞ்சுரம் எத்தனை எழுத்தாளர்களுக்கு உண்டு? 1990இல் வந்த அல்டிமா 6 இன்னும் ஒரு படி போகிறது. நான்காம் ஆட்டத்தில் பாதாளத்தில் இறங்கி அவதாரம் அடைந்த ஞானப் புத்தகம் வேறொரு இனத்தாருக்கு உரியது. அவதாரத்தின் வெற்றியோடு அவர்கள் உலகம் சிதையத் தொடங்கிவிட்டது. அவர்கள் பார்வையில் இந்த அவதாரம் ஒரு பொய்த்தீர்க்கதரிசி. எட்டுக் குணமும் நிரம்பியவன் தெரியாமலே செய்த அழிவு. ஐந்து வருஷத்தில், ஒரே ஆசிரியர், மூன்று ஆட்டங்களில் தன் நீதி போதனையைத் தானே இவ்வளவு தூரம் குடைந்திருக்கிறார். நம் லட்சியவாத நாவலாசிரியர்களில் இப்படித் தன் முதல் நாவலுக்கு எதிராக மூன்றாவது நாவலை எழுதியவர் யார் என்று யோசித்துப் பார்க்கிறேன். நண்பர்கள் யாராவது பெயர் சொன்னால் நன்றியோடு ஏற்றுக்கொள்வேன்.

போன வருஷம் ஒரு நீண்ட விடுமுறையில் இந்த ஆட்டத்தைத் திரும்ப எடுத்தேன். சந்தை, கூடாரம், குறிகாரப் பெண், ஏழு கேள்விகள். இம்முறை சாமர்த்தியம் எதுவும் செய்யாமல், கவுண்டருக்கு இப்பால் உட்கார்ந்திருக்கிறவனாகவே பதில் சொன்னேன். வடிகட்டிப் பார்த்துவிட்டு அவள் எனக்குத் தந்தது இடையன் வேஷம். பணிவு! பதினைந்து வருஷமாகப் பிறர் எழுத்தைக் கிழித்துக்கொண்டிருப்பவனுக்கு. இடையன் இறங்குகிற ஊர் மஜின்சியா. கர்வத்தால் அழிந்த நகரம் அது, இடிந்த சுவர்களுக்கு நடுவே பேய்கள்தான் உலவுகின்றன. அங்கிருந்து கிளம்பிப் பல வாரமாயிற்று. மூலிகைக்கு முழு விலை கொடுக்கிறேன். பட்டியல் எதையும் பார்க்கவில்லை. பணிவின் கோயில் தென்கிழக்கே ஒரு தீவில் இருக்கிறது. சுற்றிலும் பூதங்கள் காவல். அவற்றை விலக்க வெள்ளிக் கொம்பு ஒன்றை ஊத வேண்டுமாம். அது எங்கே இருக்கிறதென்று பன்னிரண்டு வயதில் கணக்கு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். நோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.